முற்றுகை என்றால் என்ன: அந்தியோக்கியாவை யாகி சியான் காத்த ஏழரை மாதம்

இடைக்காலத்தில் ஒரு நகரம் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது என்று எங்காவது படித்தால், அதில் முக்கால்வாசி நாட்களில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஏணி சாய்த்து மதிலேறுவது, மேலிருந்து கல் உருட்டுவது எல்லாம் எப்போதாவது நடப்பவை. மற்றபடி காத்திருப்புதான். உள்ளே இருப்பவர்கள் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், வெளியே இருப்பவர்கள் அடுத்த வேளைச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று காத்திருக்கிறார்கள், இரண்டு தரப்புமே தூரத்தில் புழுதி கிளம்புகிறதா, கிளம்பினால் அது யாருடைய படை என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாருக்கு முதலில் தானியம் தீர்கிறது, யாருக்கு முதலில் உதவி வருகிறது, யார் பக்கத்தில் முதலில் ஒருவன் மனம் மாறுகிறான், இந்த மூன்றில்தான் விஷயம் முடியும். மதில் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படியானால் உள்ளே இருக்கும் ஆளுநரின் வேலை என்ன? அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் யாகி சியான் என்ற துருக்கிய ஆளுநர். எருசலேமைப் பிடிக்க மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் கிளம்பிய முதலாம் சிலுவைப் போரில், 1097 அக்டோபர் முதல் 1098 ஜூன் வரை, அந்தியோக்கியா நகரத்தைக் காத்தவர். இறுதியில் தோற்றார். தோற்ற நாளின் ஒரே ஒரு காலைப்பொழுதை வைத்து அவரைக் கோழை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதற்கு முந்தைய ஏழரை மாதத்தைப் பார்த்தால்தான் ஒரு நகரத்தைக் காப்பது என்றால் என்னவென்று தெரியும்.

முதலில் ஊர். அந்தியோக்கியா இன்றைய துருக்கியின் தென்கோடியில், சிரிய எல்லையை ஒட்டி இருக்கும் அந்தாக்யா. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் மோசமாகச் சிதைந்த நகரங்களில் ஒன்று. இயேசுவின் சீடர்களைக் கிறிஸ்தவர்கள் என்று முதன்முதலில் அழைத்தது இங்கேதான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், கையில் இருந்த நகரத்தை 1084-இல் செல்ஜூக் துருக்கியர் பிடித்தார்கள். சில ஆண்டுகளில் செல்ஜூக் சுல்தான் மாலிக் ஷா அதை யாகி சியானிடம் ஒப்படைத்தார். ஆக, சிலுவைப் படை வந்து சேர்ந்தபோது துருக்கியர் ஆட்சி அங்கே பதின்மூன்று ஆண்டுப் பழையது, அவ்வளவுதான். ஊர் மக்களில் கிரேக்கர், ஆர்மீனியர், சிரியக் கிறிஸ்தவர் என்று பெரும் பகுதி கிறிஸ்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் என்று நாம் சொன்னாலும், தலைநகரிலிருந்து மாதச் சம்பளம் வாங்கும் அதிகாரியாக அவரைக் கற்பனை செய்ய வேண்டாம். செல்ஜூக் அரசில் இக்தா என்றொரு முறை இருந்தது. ஒரு பகுதியின் வரி வருவாயைத் தளபதியிடம் விட்டுவிடுவார்கள், அவர் அதைக் கொண்டு வீரர்களை வைத்துப் பராமரித்து, சுல்தான் கூப்பிடும்போது அழைத்துப் போக வேண்டும். இதனால் என்ன ஆகும் என்றால், கோட்டையில் இருக்கும் படை பேருக்குத்தான் சுல்தானுடையது, உண்மையில் சோறு போடும் ஆளுநருடையது. மேலே வலுவான சுல்தான் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாலிக் ஷா 1092-இல் இறந்தார். அதோடு ஒழுங்கு போயிற்று.

அவருடைய தம்பி துதுஷ் அரியணைக்கு ஆசைப்பட்டு 1095-இல் போர்க்களத்தில் செத்தார். துதுஷின் மகன்கள் இருவர். அலெப்போ ரித்வானுக்கு, டமாஸ்கஸ் துகாக்குக்கு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஜென்மப் பகை. யாகி சியானின் மகளை மணந்தவர் ரித்வான், ஆனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒத்துப்போகவில்லை, மாமனார் ஒரு சமயம் இந்தப் பக்கமும் இன்னொரு சமயம் அந்தப் பக்கமும் சாய்ந்தார். தப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு பெரிய அரசர்களுக்கு நடுவே ஒற்றை நகரத்தை வைத்துக்கொண்டிருப்பவருக்கு வேறு வழியும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய பெரும்படை அனத்தோலியாவைக் கடந்து வருகிறது என்ற செய்தி 1097-இல் வந்தபோது, யாகி சியான் ரித்வானோடு சேர்ந்து சிரியாவில் வேறொரு சண்டைக்குக் கிளம்பியிருந்தார். அந்த இடத்திலேயே கூட்டணி உடைந்தது, அவர் அவசரமாக ஊர் திரும்பினார். அப்புறம் தன் மகன் ஷம்ஸ் அத்-தௌலாவை உதவி கேட்டு அனுப்பியது ரித்வானின் எதிரியான துகாக்கிடம்.

இனி மதில். அந்தியோக்கியாவின் மதில் பைசாந்தியர் கட்டியது, ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் செப்பனிட்டது. ஒரு பக்கம் ஒரோண்டிஸ் ஆறு. இன்னொரு பக்கம் சில்பியுஸ் மலை, மதில் அந்த மலைச்சரிவில் ஏறிப் போய் மறுபடி இறங்கும். மலையுச்சியில், ஊருக்கு மேலே ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், உள்கோட்டை. கோபுரங்கள் நானூறு என்பது பழைய ஆசிரியர்கள் சொல்லும் கணக்கு. உள்ளே வீடுகள் மட்டுமில்லை, தோட்டம், மேய்ச்சல் நிலம், தண்ணீர் எல்லாம் உண்டு. பஞ்சத்தில் தள்ளிப் பணிய வைப்பது சுலபமில்லை. ஆனால் இந்தப் பெரிய மதிலுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. சில ஆயிரம் வீரர்களை வைத்துக்கொண்டு அத்தனை கோபுரத்திலும் நல்ல ஆளாக நிறுத்த முடியாது. எங்கோ ஒரு மூலையில், யாரோ ஒருவரை நம்பித்தான் ஒரு கோபுரத்தை விட வேண்டியிருக்கும்.

வெளியே வந்தவர்களுக்கும் இதே சிக்கல் மறுபக்கமாக. அக்டோபர் 21 அன்று மதிலுக்கு முன் கூடாரம் போட்ட சிலுவைப் படையில் தரந்தோவின் போஹிமண்ட், துலூஸின் ரேமண்ட், பூயோனின் காட்ஃப்ரே என்று பல தலைவர்கள். ஒவ்வொருவரும் வடபக்க வாயில்களில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மலைப்பக்கம் போக ஆளில்லை. ஆற்றுப் பாலத்து வாயில், தென்மேற்கில் இருந்த புனித ஜார்ஜ் வாயில், மலை இடுக்கில் இருந்த இரும்பு வாயில் எல்லாம் திறந்தே கிடந்தன. ஆக முற்றுகை என்று பேர், ஆனால் ஊருக்குள் ஆளும் தானியமும் போய்க்கொண்டுதான் இருந்தன. தொடக்கநிலை வாசகர்கள் பலரும் தவறவிடும் இடம் இது. வளையம் மூடாத முற்றுகைகள்தான் வரலாற்றில் அதிகம்.

யாகி சியானுக்கு இந்த நிலையில் பெரிய தலைவலி வெளியே இல்லை, உள்ளே. ஊரில் பாதிப் பேர் எதிரியின் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்றால் என்ன செய்வது? அவர் செய்ததை, நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதிய இப்னு அல்-அதீர் என்ற அரபு வரலாற்றாசிரியர் விவரமாகச் சொல்கிறார். முதல் நாள் முஸ்லிம்களை மட்டும் வெளியே அனுப்பி அகழி வெட்டச் சொன்னார். மறுநாள் கிறிஸ்தவர்களின் முறை. அவர்கள் சாயங்காலம்வரை மண் வெட்டிவிட்டு வீடு திரும்ப வந்தால், வாயில் திறக்கவில்லை. அந்தியோக்கியா உங்களுடையதுதான், ஆனால் எனக்கும் பிராங்குகளுக்கும் (மேற்கு ஐரோப்பியரான சிலுவைப் படையினருக்கு அங்கே அந்தப் பெயர்) என்ன நடக்கிறது என்று தெரியும்வரை அதை என்னிடம் விட்டுவைக்க வேண்டும் என்றாராம். எங்கள் பெண்டு பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். உங்களுக்குப் பதிலாக நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அவர்கள் போக்கிடமில்லாமல் சிலுவைப் படையின் முகாமுக்குப் போனார்கள். உள்ளே அவர்களுடைய குடும்பங்கள் மீது யாரும் கை வைக்காமல் யாகி சியான் பார்த்துக்கொண்டார் என்றும் அதே ஆசிரியர் எழுதுகிறார்.

இதை எப்படி எடைபோடுவது? நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு ஊரைச் சாத்தியது கொடுமைதான், அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் மற்ற வழிகளை யோசித்துப் பாருங்கள். எல்லோரையும் உள்ளே வைத்தால் ஏதோ ஒரு இரவில் ஏதோ ஒரு வாயில் திறக்கும். குடும்பத்தோடு எல்லோரையும் துரத்தினால் அத்தனை பேரும் எதிரிக்கு முழு மனதோடு வேலை செய்வார்கள். ஆண்களை வெளியே விட்டு, குடும்பத்தை உள்ளே பத்திரமாக வைத்தால், வெளியே போனவர்கள் எதிரிக்கு உதவத் தயங்குவார்கள், அவர்களுக்குச் சோறு போடும் செலவும் எதிரி தலையில் விழும். பாதுகாப்பும் பிணையும் ஒரே ஏற்பாட்டில். எல்லோரிடமும் அவர் மென்மையாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. கிரேக்கத் திருச்சபைத் தலைவர் ஜானைச் சிறையில் வைத்தார், முற்றுகையின்போது அவரைக் கூண்டில் போட்டு மதிலில் தொங்கவிட்டதாக லத்தீன் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

மழைக்காலம் வந்தது, வெளியே இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். சுற்றுவட்டாரத்தை முதல் சில வாரங்களிலேயே அவர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். படையோடு வந்த பெயர் தெரியாத ஒருவர் எழுதிய குறிப்பில், ஒரு கழுதைச் சுமை உணவு எட்டுப் பொற்காசுக்கு விற்றதாக இருக்கிறது. விறகு பற்றாமல் அரைகுறையாக வெந்த முட்செடி நாக்கைக் குத்தியது, குதிரை, நாய், எலி எல்லாவற்றையும் தின்றார்கள் என்று ஒரு பாதிரியார் எழுதுகிறார். சிரியா என்றால் தாங்க முடியாத வெயில் என்று சொல்வதெல்லாம் பொய், இங்கே குளிர்காலம் நம் ஊர் மாதிரியேதான் இருக்கிறது என்று புளுவாவின் ஸ்டீபன் என்ற பிரபு மனைவிக்குக் கடிதம் போட்டார். பிப்ரவரியில் சண்டைக்கு ஆகும் குதிரைகள் சுமார் 700தான் மிஞ்சின. கூடவே வந்த பைசாந்தியத் தளபதி தாத்திகியோஸ் கிளம்பிப் போய்விட்டார். பல பேர் இரவோடு இரவாக ஓடினார்கள்.

இந்தப் பசி தானாக வந்ததில்லை, யாகி சியான் அதற்காகவே வேலை செய்தார். முற்றுகையில் இருக்கும் ஆளுநர் மதிலுக்குப் பின்னால் பதுங்கி உட்காரக் கூடாது, அடிக்கடி வாயிலைத் திறந்து வெளியே பாய வேண்டும். பாலத்து வாயில் வழியாகக் குதிரைவீரர்கள் திடீரென்று வருவார்கள், புல்லறுக்கப் போனவர்களையும் விறகு பொறுக்கப் போனவர்களையும் வெட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கிழக்கே ஹாரிம் கோட்டையில் இருந்த துருக்கியப் படையும் இதையே செய்தது. பெரிய படையொன்று எப்போதாவது முகாமை விட்டு விலகினால், அந்த நாளில் பெரிய பாய்ச்சல். டிசம்பர் கடைசியில் போஹிமண்டும் ஃப்ளாண்டர்ஸின் ராபர்ட்டும் உணவு தேடித் தெற்கே போனபோது அப்படித்தான் செய்தார். பிப்ரவரி 9 அன்றும் அப்படித்தான். எதிரியின் முகாமில் என்ன நடக்கிறது என்று அவருக்கு அன்றாடம் தகவல் வந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் பாய்ச்சல்களால் மட்டும் முற்றுகை உடையாது. அதை உடைப்பது வெளியிலிருந்து வரும் மீட்புப் படை. வெளியே இருப்பவர்கள் மதிலுக்கும் வந்த படைக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்கள், ஆட்டம் முடிந்தது. யாகி சியானுக்கு மீட்புப் படை ஒன்றல்ல, மூன்று முறை வந்தது. வேதனை என்னவென்றால், மூன்றும் தனித்தனியாக வந்தன. டிசம்பர் 31 அன்று துகாக்கின் டமாஸ்கஸ் படை, உணவு தேடிப் போன போஹிமண்டின் ஆட்களோடு வழியில் மோதியது, இரு பக்கமும் அடிபட்டு துகாக் ஊர் திரும்பினார். பிப்ரவரியில் மருமகன் ரித்வான் அலெப்போவிலிருந்து வந்தார். போஹிமண்ட் மிஞ்சியிருந்த அந்த 700 குதிரைவீரர்களைக் கூட்டிக்கொண்டு, ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த குறுகிய இடத்தில் நின்றார். அந்த இடத்தில் பெரிய படைக்கு விரிந்து வளைக்க வழியில்லை. ரித்வான் தோற்றுப் போனார், ஹாரிமும் கைவிட்டுப் போனது. அண்ணனும் தம்பியும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்திருந்தால் அந்த 700 குதிரை என்ன செய்திருக்கும்? இதே மாதங்களில் எகிப்தை ஆண்ட ஃபாத்திமித் வம்சத்தின் தூதர்கள் சிலுவைப் படையின் முகாமுக்கே வந்து பேசினார்கள், அவர்களுக்குத் துருக்கியர்தான் பெரிய எதிரி. இஸ்லாமிய உலகம் முழுவதும் ஒன்றாக நின்று எதிர்த்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்ச்சில் வளையம் இறுகத் தொடங்கியது. புனித சிமியோன் துறைமுகத்துக்கு ஆங்கிலேயக் கப்பல்கள் மரமும் கருவிகளும் ஆட்களும் கொண்டுவந்தன. அவற்றை அழைத்துவரப் போன போஹிமண்டையும் ரேமண்டையும் யாகி சியானின் ஆட்கள் வழியில் மடக்கி நிறையப் பேரைக் கொன்றார்கள், ஆனால் அன்றைக்கே நிலைமை தலைகீழானது, திரும்பும் வழியில் பாலத்தருகே துருக்கியர் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். இறந்தவர்களைத் துருக்கியர் ஆற்றுக்கு அப்பால் இருந்த பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மறுநாள் சிலுவைப் படையினர் அந்தக் கல்லறைகளைத் தோண்டி, உடல்களை வெளியே இழுத்துப் போட்டு, தலைகளை வெட்டிக்கொண்டுபோய் எண்ணினார்கள். அதே இடத்தில், கல்லறைக் கற்களையும் எடுத்துக் கட்டுமானத்துக்குப் போட்டு, பாலத்து வாயிலை அடைக்க ஒரு சிறு கோட்டை எழுப்பினார்கள். ஏப்ரலில் புனித ஜார்ஜ் வாயிலுக்கு எதிரே இன்னொன்று. வெளியே இப்படி எதிர்க்கோட்டை கட்டுவதுதான் முற்றுகையில் வளையத்தை மூடும் வழி. அதற்கப்புறம்தான் உள்ளே உண்மையான தட்டுப்பாடு.

மூன்றாவது மீட்புப் படைதான் பெரியது. இன்றைய ஈராக்கில் உள்ள மோசூலின் ஆட்சியாளர் கெர்போகா பல அமீர்களை, அதாவது படைத்தலைவர்களை, சேர்த்துக்கொண்டு கிளம்பினார். அவர் நேராக வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் வழியில், சிலுவைத் தலைவர்களில் ஒருவரான பால்ட்வின் பிடித்து வைத்திருந்த எடெஸ்ஸா நகரத்தை எடுத்துவிடலாம் என்று மூன்று வாரம் மல்லுக்கட்டினார். கிடைக்கவில்லை. மே மாதம் வீணானது. அந்த மூன்று வாரம்தான் அந்தியோக்கியாவின் விலை என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் போஹிமண்ட் அதற்குள் உள்ளே ஒருவனைப் பிடித்திருந்தார். ஃபிரூஸ் என்று பெயர், இஸ்லாத்துக்கு மாறிய ஆர்மீனியர், மலைச்சரிவில் ஒரு கோபுரத்துக்குப் பொறுப்பு. கவசம் செய்பவர் என்கிறார் இப்னு அல்-அதீர். பணத்துக்கும் நிலத்துக்கும் இணங்கினார் என்கிறது ஒரு கதை, தானியம் பதுக்கியதற்காக யாகி சியான் அவருக்கு அபராதம் போட்ட கோபம் என்கிறது இன்னொன்று. இரண்டாவது உண்மையென்றால் அதில் ஒரு பாடமே இருக்கிறது, பதுக்கலைத் தடுப்பதுதானே முற்றுகையில் ஆளுநரின் முதல் கடமை, அதைச் செய்ததற்கே ஒரு கோபுரம் போனது.

ஜூன் 2 சாயங்காலம் சிலுவைப் படையின் ஒரு பகுதி கெர்போகாவை எதிர்க்கப் போவதுபோல் கிளம்பிப் போய், இருட்டில் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. குளிருக்கு நம் ஊர் மாதிரி என்று எழுதிய ஸ்டீபன் இனித் தேறாது என்று அன்றைக்குத்தான் ஊரைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். விடியலுக்கு முன் ஏணி கட்டினார்கள். சுமார் 60 பேர் ஏறியதும், பிராங்குகள் இவ்வளவு பேர்தானா, போஹிமண்ட் எங்கே என்று ஃபிரூஸ் கிரேக்கத்தில் பதறினாராம். அதற்குள் ஏணி முறிந்தது. மதிலடியில் தடவித் தடவிப் பார்த்து ஒரு சின்னக் கதவைக் கண்டுபிடித்து உடைத்தார்கள். ஃபிரூஸின் சொந்தச் சகோதரனே அந்தக் குழப்பத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். அப்புறம் வாயில்கள் திறந்தன. இருட்டில் முஸ்லிம் யார், கிறிஸ்தவர் யார் என்று யாரும் பார்க்கவில்லை. தெருவெல்லாம் பிணம், நாற்றத்தில் நிற்க முடியவில்லை என்று வென்றவர்களின் குறிப்பே சொல்கிறது.

யாகி சியான் சத்தம் கேட்டு எழுந்தார். எக்காளம் உள்கோட்டையிலிருந்து வருகிறது, உள்கோட்டையும் போய்விட்டது என்று தவறாக முடிவுசெய்து, முப்பது பேரோடு ஒரு வாயில் வழியே ஓடினார். உண்மையில் உள்கோட்டை விழவில்லை. அவருடைய மகன் ஷம்ஸ் அத்-தௌலா அதற்குள் புகுந்து சாத்திக்கொண்டு நின்றார். அரபு ஆசிரியர் சொல்வதன்படி, பொழுது விடிந்து சில காத தூரம் போனபிறகுதான் யாகி சியானுக்குச் செய்தது உறைத்தது. நகரத்தையும் குடும்பத்தையும் விட்டுவந்ததை நினைத்து அழுதார், மயங்கிக் குதிரையிலிருந்து விழுந்தார். கூட வந்தவர்கள் தூக்கி உட்காரவைத்தார்கள், உட்கார முடியவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். விறகு வெட்ட வந்த ஓர் ஆர்மீனியர் தலையை வெட்டி அந்தியோக்கியாவுக்குக் கொண்டுபோனார். லத்தீன் குறிப்பில் கதை கொஞ்சம் வேறு, களைத்துப்போய் ஒரு கிராமத்து வீட்டில் ஒளிந்தவரை ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டதாக வருகிறது. அவருடைய இடைக்கச்சையும் வாளுறையும் 60 பெசன்ட் பொற்காசு பெறும் என்று மதிப்புப் போட்டார்களாம்.

ஒரு மணி நேரம் நின்றிருந்தால் பிராங்குகள் அழிந்திருப்பார்கள் என்று இப்னு அல்-அதீரே குறைசொல்கிறார். அவரேதான், முற்றுகை நாட்களில் யாகி சியான் காட்டிய துணிச்சலும் மதியூகமும் வேறு யாரிடமும் காணாதவை என்றும் எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஏழரை மாதம் தூக்கம் கெட்டுக் கிடந்த ஒருவர் இருட்டில் கேட்ட ஓசையை வைத்து எடுத்த முடிவு அது.

கெர்போகா ஓரிரு நாளில் வந்து சேர்ந்தார். இப்போது சிலுவைப் படை உள்ளே, துருக்கியர் வெளியே. வந்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, உள்கோட்டையை ஷம்ஸ் அத்-தௌலாவிடமிருந்து வாங்கித் தன் ஆளான அகமத் இப்னு மர்வானிடம் கொடுத்தது. அமீர்களுக்குள் மறுபடியும் பிணக்கு. ஜூன் 28 அன்று உள்ளே இருந்தவர்கள் பட்டினியோடு வெளியே பாய்ந்தபோது கெர்போகாவின் படை கலைந்தது, பல அமீர்கள் சண்டை போடாமலே போனார்கள். உள்கோட்டை அதைப் பார்த்துச் சரணடைந்தது.

நகரம் 170 ஆண்டு பிராங்குகள் கையில் இருந்தது. 1268 மே மாதத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் வந்தபோது மதில் அதே மதில்தான், நல்ல நிலையிலும் இருந்தது. அவ்வளவு நீளத்துக்கும் நிற்க ஆள் இல்லை, உதவிக்கு வர யாரும் இல்லை. சில நாட்களில் விழுந்தது.